பிசகாத பிசகு: தெலோனியஸ் மங்க்கின் பியானோ

1955இல் ரிவர்சைட் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் 108 டாலர் 27 சென்ட் கட்டி ஒரு பியானோ கலைஞரை இன்னொரு நிறுவனத்திடமிருந்து மீட்டது. பிரெஸ்டீஜ் நிறுவனத்திடம் முன்பணமாக வாங்கி அவர் அடைக்காமல் வைத்திருந்த பாக்கி அவ்வளவுதான். பணம் கைக்கு வந்ததும் அவர்கள் ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அவருடைய தட்டுகள் விற்கவில்லை, பிறகு எதற்குப் பிடித்துவைப்பது? அப்போது தெலோனியஸ் மங்க்குக்கு வயது 37. இன்று ஜாஸ் கற்க வரும் எவரும் பாடம் பண்ணியாக வேண்டிய ‘ரவுண்ட் மிட்நைட்’, ‘ரூபி மை டியர்’, ‘வெல் யூ நீடன்ட்’, ‘எபிஸ்ட்ரஃபி’, ‘ஸ்ட்ரெயிட் நோ சேஸர்’, ‘புளூ மங்க்’ ஆகிய மெட்டுகள் எல்லாவற்றையும் அதற்குள் அவர் அமைத்துவிட்டிருந்தார்.

மங்க் பற்றி எழுதப்பட்டவை இரண்டு வகை. பழைய எழுத்துகளில் வருபவர் ஒரு விநோதர். விதவிதமான தொப்பி போட்டவர், கேட்டால் பதில் சொல்லாதவர், கச்சேரிக்கு நடுவே பியானோவை விட்டு எழுந்து மேடையில் சுற்றிச் சுற்றி ஆடுபவர். இந்தச் சித்திரத்தைத் தொடங்கிவைத்ததில் வியாபாரத்துக்கும் பங்குண்டு. 1947இல் அவரை முதன்முதலாகச் சொந்தப் பெயரில் பதிவுசெய்தது புளூ நோட். அந்தத் தட்டுகளைக் கடைகடையாகக் கொண்டுபோய் விற்கப் பார்த்தவர் நிறுவனரின் மனைவி லொரெய்ன் லயன். கடைக்காரர்களுக்கு இசை பிடிபடவில்லை. அதனால் மனிதரை மர்மமாக்கி விற்க வேண்டியிருந்தது. ‘பீபாப்பின் தலைமைப் பூசாரி’ என்ற பட்டம் அந்த விளம்பரங்கள் வழியாகத்தான் ஊன்றியது. 1964 பிப்ரவரி 28 தேதியிட்ட டைம் இதழ் அவரை அட்டையில் போட்டபோதும் உள்ளே அவருடைய தொப்பிகளுக்கும் மௌனத்துக்கும் தாராளமாக இடம் கிடைத்தது. 1966இல் ஜெனீவாவில் அவரைக் கேட்ட ஹூலியோ கொர்த்தஸார் எழுதிய கட்டுரை நேர்த்தியானது. ஆனால் அதிலும் பியானோவைச் சுற்றிவரும் அந்த உருவம்தான் எழுத்தாளரை மயக்கியிருக்கிறது.

மறுவகையின் உச்சம் 2009இல் வந்த ராபின் டி. ஜி. கெல்லியின் வாழ்க்கை வரலாறு. கெல்லி வரலாற்றுப் பேராசிரியர். எந்த வாரம் எந்த கிளப்பில் யாருடன் வாசித்தார் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகும்போது சில இடங்களில் கணக்குப் பேரேட்டைப் புரட்டுவது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பேரேடு தேவைப்பட்டது. விநோதருக்குப் பின்னாலிருந்த குடும்பஸ்தரும் உழைப்பாளியும் அதில்தான் முதன்முறையாக முழுசாக வெளிப்பட்டார்கள். மங்க்கின் இசையில் தற்செயலாக விழுந்தது போலக் கேட்கும் ஒவ்வொன்றும் தேடித் தேர்ந்தெடுத்து வைக்கப்பட்டது என்பது என் கட்சி. அவருடைய வாழ்க்கையும் பதிவுகளும் அதற்கு வேண்டிய சாட்சியைத் தருகின்றன.

மங்க் பிறந்தது 1917 அக்டோபர் 10, வட கரோலைனாவின் ராக்கி மவுண்ட் ஊரில். 1922இல் தாய் பார்பரா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நியூயார்க் வந்தார். மேற்கு 63ஆம் தெருவில் குடியேறிய மங்க், தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தத் தெருவிலேயே கழித்தார். சான் ஹுவான் ஹில் என்று பெயர்பெற்ற கறுப்பினப் பேட்டை அது. இடது கை கட்டைகளின் மேல் ஒரு தாவலில் கீழ்ச் சுரத்தையும் மறு தாவலில் மேல் சுரங்களையும் தொட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, வலது கை மெட்டை வாசிக்கும் பாணிக்கு ‘ஸ்ட்ரைட்’ என்று பெயர். அதன் தந்தையாகக் கருதப்படும் ஜேம்ஸ் பி. ஜான்சன் வாசித்துப் பெயரெடுத்த பகுதியும் அதுதான். மங்க் யாரிடமும் கற்காதவர் என்ற பேச்சு நெடுங்காலம் உலவியது. சைமன் வுல்ஃப் என்ற ஆஸ்திரிய ஆசிரியரிடம் ஷோப்பான், லிஸ்ட் எல்லாம் படித்தார் என்றும், பேட்டையிலேயே இருந்த அல்பெர்ட்டா சிம்மன்ஸிடம் ஸ்ட்ரைட் நுணுக்கங்களைக் கேட்டு வாங்கினார் என்றும் கெல்லி காட்டுகிறார். தாயோடு போன தேவாலயத்தின் பாடல்கள் வேறு. பதின்ம வயதில் படிப்பைப் பாதியில் விட்டு, ஊர் ஊராகப் போய் சுவிசேஷப் பிரசங்கம் செய்த ஒரு பெண்மணியின் குழுவில் பியானோ வாசித்துத் திரிந்தார். 1941 வாக்கில் ஹார்லெமின் 118ஆம் தெருவிலிருந்த மிண்டன்ஸ் விடுதியில் நிலையப் பியானோக்காரர் ஆனார். அங்கே விடிய விடிய நடந்த கூட்டு வாசிப்புகளிலிருந்துதான் பீபாப் பிறந்தது என்று எல்லா ஜாஸ் வரலாறுகளும் சொல்லும்.

பீபாப் என்றால் வேகம். சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சுரங்களை மழையாகக் கொட்டினார்கள். மங்க்கின் தோழரும் ஒருவகையில் மாணவருமான பட் பவல் அந்த வேகத்தைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார். மங்க் எதிர்த்திசையில் போனார். விரல்களை வளைக்காமல் நீட்டிவைத்து, மேலிருந்து கட்டைகளை அடித்தார். நிறைய இடம் விட்டார். ஒரு சுரத்தைப் போட்டுவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்பவர் தேடும் நேரத்தில், எதிர்பாராத தாள அட்சரத்தில் இன்னொன்றைப் போட்டார். இதைக் கேட்டவர்கள் பலர், ஏன் உடன் வாசித்தவர்களிலேயே சிலர், கைப்பழக்கம் போதாதவர் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

பியானோவில் கமகம் கிடையாது. வீணையில் தந்தியை இழுத்தால் சுரம் வளையும், புல்லாங்குழலில் ஊதும் விதத்திலேயே வளையும். பியானோவின் கட்டையை அழுத்தினால் எழுவது ஒரு சுத்தியல். அது தந்தியைத் தட்டிவிட்டு விலகிவிடும், அதற்குமேல் சுரத்தை ஒன்றும் செய்ய முடியாது. புளூஸ் இசைக்கோ அசையும் சுரம்தான் உயிர். மங்க் இதற்குக் கண்ட வழி, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஒன்றை உடனே விட்டுவிடுவது. உரசிய ஒலி கரைய, மிச்சமிருக்கும் சுரம் எங்கிருந்தோ வழுக்கி வந்தது போலக் கேட்கும். முதல் கேள்வியில் விரல் தவறிப் பட்டுவிட்டது என்று தோன்றும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே உரசல் வரும்போது காது நிமிர்ந்து உட்காரும். மேலிருந்து கீழாக அவர் அடிக்கடி சரித்துவிடும் ஓட்டமும் இப்படித்தான் பரிகாசத்துக்கு ஆளானது. எல்லாச் சுரங்களுக்கும் நடுவே சம இடைவெளி உள்ள அந்த வரிசை, நம் கோப்ரியா ராகத்தின் சுரங்கள்தான். தங்குவதற்கு வீடில்லாத சுரவரிசை அது. மங்க் அதை ஒரு வெட்டுக்கத்தியாக, மெட்டு சொகுசாக உட்காரப் பார்க்கும் இடத்தில் இறக்கினார்.

இதெல்லாம் யோசித்துச் செய்ததா என்று சந்தேகப்படுபவர்கள் ‘தெலோனியஸ் ஹிம்செல்ஃப்’ தனிப் பியானோத் தொகுப்பின் பிற்காலப் பதிப்பைத் தேடிப் பிடிக்கலாம். 1957 ஏப்ரலில் ‘ரவுண்ட் மிட்நைட்’ மெட்டைப் பதிவுசெய்ய உட்கார்ந்த மங்க், நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உழுது பார்க்கிறார். சுமார் 22 நிமிடம் ஓடுகிறது அந்தப் பதிவு. பத்துப் பதினைந்து வருடமாக வாசித்துவந்த சொந்த மெட்டு. ஒரு சொற்றொடரில் நிற்கிறார். இடது கையின் ஒரே ஒரு சுரத்தை மாற்றிப் போடுகிறார், சரிப்படவில்லை, முதலிலிருந்து வருகிறார். மறுபடி அதே இடம், இம்முறை நடுச் சுரத்தை எடுத்துவிட்டு இரு ஓரங்களை மட்டும் வைக்கிறார். வெளிவந்த தட்டில் இந்த உழைப்பின் தழும்பே தெரியாது, இப்போதுதான் தோன்றியது போல இருக்கும். மேதை என்ற சொல்லை எளிதில் வீசுபவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் மருந்து இந்த 22 நிமிடம்.

இசையமைப்பாளராக அவர் விட்டுப்போனது ஏறக்குறைய 70 மெட்டுகள்தான். டியூக் எலிங்டனின் பெருக்கத்துக்கு முன் இது கைப்பிடி அளவு. ஆனால் ஒவ்வொன்றும் தனித் தர்க்கம் கொண்டது. ‘எவிடென்ஸ்’ ஒரு பழைய காதல் பாட்டின் அடித்தளத்தின் மேல் எழுப்பப்பட்டது. மெட்டு என்று மிஞ்சுவது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறிக்கும் சில சுரங்கள் மட்டும். ‘கிரெபஸ்கூல் வித் நெல்லி’ 1957இல் மனைவி நெல்லி அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்த நாட்களில் முடிந்தது. மனோதர்மமே மூலதனமான ஜாஸில் இந்த மெட்டுக்கு மட்டும் மனோதர்மம் கிடையாது. எழுதியபடி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் 108 டாலருக்கு ஏன் விலைபோனார்? பெரிய காரணம் நியூயார்க் போலீஸ். 1940 முதல் அந்நகரில் மது விற்கும் கிளப்புகளில் வேலை செய்ய, பாடகரோ பரிசாரகரோ யாரானாலும், போலீசிடம் கைரேகை வைத்து ‘கேபரே அட்டை’ வாங்கியாக வேண்டும். போதைப்பொருள் வழக்கு என்றால் அட்டை பறிபோகும். பில்லி ஹாலிடே இழந்தார், பார்க்கர் இழந்தார். 1951 ஆகஸ்ட்டில் மங்க்கும் பவலும் இருந்த காரைப் போலீஸ் சோதித்தபோது ஹெராயின் சிக்கியது. நண்பரைக் காட்டிக்கொடுக்க மங்க் மறுத்துவிட்டார். இரண்டு மாதச் சிறைக்குப் பின் வெளியே வந்தவரிடம் அட்டை இல்லை. அடுத்த ஆறு வருடம், ஜாஸ் உலகின் தலைநகரில் வாழ்ந்துகொண்டே அதன் பெரிய கிளப்புகளில் அவர் வாசிக்க முடியவில்லை. இந்த அட்டை முறை ஒழிந்தது 1967இல்தான். நெல்லி வேலைக்குப் போனார், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் மங்க். ‘காலத்துக்கு முந்திப் பிறந்தவர்’ என்று எழுதுவது எளிது. காலம் அவரைக் கேட்க முடியாதபடி தடை இருந்ததையும் சேர்த்து எழுத வேண்டும்.

அதே காலத்துப் பதிவு ஒன்று. 1954 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மைல்ஸ் டேவிஸ் குழுவில் மங்க். தன் ட்ரம்பெட்டுக்குப் பின்னால் பியானோ வேண்டாம் என்று டேவிஸ் சொல்லிவிட்டார். ‘தி மேன் ஐ லவ்’ மெட்டில் மங்க்கின் முறை வருகிறது. மெட்டை இழுத்து இழுத்து வாசித்து நடுவில் அப்படியே நின்றுவிடுகிறார். பாஸும் டிரம்ஸும் தனியே ஓடுகின்றன. டேவிஸின் ட்ரம்பெட் தூரத்திலிருந்து ஓர் அதட்டல் போட, மங்க் துள்ளி எழுந்து ஓடத் தொடங்குகிறார். கோபமா, வேடிக்கையா? அவரவர் காதுக்கு ஏற்றபடி.

ரிவர்சைடில் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் முதலில் எலிங்டன் மெட்டுகளை வாசிக்கவைத்து, இவர் எல்லோரையும் போன்ற பியானோக்காரர்தான் என்று காட்டப் பார்த்தார். பிறகு 1956இல் ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’ பதிவானது. தலைப்பு மெட்டு அத்தனை கடினம். சானி ராலின்ஸும் மேக்ஸ் ரோச்சும் இருந்த குழு 25 டேக் எடுத்தும் ஒன்றுகூட முழுசாக அமையவில்லை. கீப்நியூஸ் நாடாக்களை வெட்டி ஒட்டித்தான் அதை முடித்தார். அதே தட்டில் உள்ள ‘பன்னோனிக்கா’வில், கூடத்தின் மூலையில் கிடந்த செலஸ்டா என்ற சிறு கட்டை வாத்தியத்தை வலது கையாலும் பியானோவை இடது கையாலும் மங்க் வாசிக்கிறார். மெட்டின் பெயர், ராத்ஸ்சைல்ட் குடும்பத்தில் பிறந்து ஜாஸுக்காக நியூயார்க்கில் தங்கிவிட்ட சீமாட்டி பன்னோனிக்கா த கோனிக்ஸ்வார்ட்டருடையது.

பன்னோனிக்காவும், பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே மேலாளர் வேலை பார்த்த ஹாரி கொலம்பியும் அலைந்து அட்டையை மீட்டார்கள். 1957 ஜூலையில் ஃபைவ் ஸ்பாட் என்ற சிறிய மதுக்கடையில் மங்க்கின் நால்வர் குழு ஏறியது. சாக்சஃபோனில் ஜான் கோல்ட்ரேன். டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, ஹெராயினை விட்டொழித்து, மங்க் வீட்டுக்குப் போய் மெட்டு மெட்டாகப் பாடம் கேட்டவர். வருடக் கடைசிவரை நடந்த அந்தக் கச்சேரிகளைப் பற்றிக் கேட்டவர்கள் கதைகதையாகச் சொன்னார்கள், நல்ல பதிவுதான் இல்லாமலிருந்தது. 2005இல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் ஒரு நாடா அகப்பட்டது. 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் இந்தக் குழு வாசித்தது! 48 வருடம் பெட்டியில் கிடந்த அந்த ஒலிநாடாவில் இருவரும் ஒருவரையொருவர் சிரித்துக்கொண்டே விரட்டுகிறார்கள்.

மறுவருடமே டெலவேரில் தண்ணீர் குடிக்க ஒரு விடுதியில் இறங்கியவரைப் போலீஸ் கைகளில் தடியால் அடித்தது. அட்டை மறுபடியும் போயிற்று.

1962இல் கொலம்பியா நிறுவனம் அழைத்தது. பணமும் உலகப் பயணமும் வந்தன. சாக்சஃபோனில் சார்லி ரவுஸ் நிலையாக நின்றார். இந்தக் காலத் தட்டுகள் திரும்பச் சொல்வதே என்பார்கள் சிலர். பாதி உண்மை. புதிய மெட்டுகள் அருகிவிட்டன. பழையவற்றை வாசிக்கும் கையோ முன்னைவிடத் தெளிவு, தாளத்தில் முன்னைவிடக் குறும்பு. நிறுவனம் விற்றதென்னவோ பழையபடி விநோதரைத்தான். 1968இல் வந்த ‘அண்டர்கிரவுண்ட்’ தட்டின் அட்டையில் மங்க் தோளில் துப்பாக்கியோடு பிரெஞ்சுப் போராளி வேடத்தில் உட்கார்ந்திருக்கிறார், கூடவே ஒரு பசுமாடு. கிராமி விருது கிடைத்தது, அட்டைப்படத்துக்கு.

எழுபதுகளில் அவர் அடங்கிப்போனார். நாள்கணக்கில் தூங்காமல் நடப்பதும் பிறகு வாரக்கணக்கில் பேசாமல் கிடப்பதுமாக இருந்த நோயை இருமுனை மனநோய் என்று கெல்லி அடையாளம் காண்கிறார். அன்றைய வைத்தியம் அவரைப் பாதி மயக்கத்தில்தான் வைத்திருந்தது. கடைசி வருடங்கள் ஹட்சன் ஆற்றின் மறுகரையில், வீஹாக்கனில், பூனைகள் நிறைந்த பன்னோனிக்காவின் வீட்டில். பியானோ இருந்தது, அவர் தொடுவது அரிது. அதே வீட்டில் வசித்த பேரி ஹாரிஸ் வாசித்துக்கொண்டிருந்தார். 1982 பிப்ரவரி 17 அன்று மங்க் இறந்தார். ரவுஸும் டிரம்ஸ் கலைஞர் பென் ரைலியும் தொடங்கிய ‘ஸ்பியர்’ குழு, மங்க் மெட்டுகள் மட்டுமே கொண்ட தன் முதல் தட்டைப் பதிவுசெய்த தேதியும் அதுவே. முன்கூட்டி நிச்சயித்த பதிவு.

2006இல் புலிட்சர் சிறப்புக் கௌரவம் வந்தது. ஆனால் அவருடைய வழியைத் தொடர்ந்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டீவ் லேசி 1958இலேயே மங்க் மெட்டுகளால் ஒரு முழுத் தட்டை நிறைத்தார். இன்றைய தலைமுறையில் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர், உடலுக்கும் தாளத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். வயலின் முறையாகக் கற்றவர், பியானோவைத் தானே பழகியவர். 2010இல் வந்த அவருடைய ‘சோலோ’ தொகுப்பில் ‘எபிஸ்ட்ரஃபி’ இருக்கிறது. அதில் மங்க்கின் நடையை நகலெடுக்கும் ஆசையே இல்லை. மெட்டின் மூட்டுகளைக் கழற்றி, வேறு தாளக்கட்டில் பூட்டிப் பார்க்கிறார். முதலில் 1948ஆம் ஆண்டுப் புளூ நோட் ‘எபிஸ்ட்ரஃபி’யையும் பிறகு இதையும் கேட்பவருக்கு, எந்தெந்தக் கட்டைகளை ஐயர் கடைசிவரை மாற்றவே துணியவில்லை என்பது தானாகத் தெரியவரும்.