அண்டமும் குடிலும்: திருவண்டப்பகுதியில் பேரளவும் சிற்றளவும்

பொன்னேரிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா எல்1 ஏவப்பட்டது. அது சென்றடைந்த இடம் புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கி.மீ. தொலைவிலுள்ளது. கதிரவனின் தொலைவோ ஏறத்தாழ 15 கோடி கி.மீ. மனித முயற்சி கடந்தது அதில் நூற்றிலொரு பங்கே. பேரண்டத்தின் விரிவைப் பேசுமிடங்களில் மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதி இன்றைய வானியலுக்கு முன்னோடிச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவ்வாசிப்பு பாடலின் பொருளைக் குறுக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திருவாசகத்தின் மூன்றாம் பகுதியாகிய இவ்வகவல் 182 அடிகளைக் கொண்டது. அண்டங்கள் உருண்டை வடிவின. நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்தவை என்று அது தொடங்குகிறது. சான்றாகக் காட்டுவோர் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் தொடரின் வினைமுடிபு அங்கில்லை. வீட்டினுள் புகும் கதிரில் மிதக்கும் நுண்துகள்களைப் போல அவ்வண்டங்கள் யாவும் சிறியனவாகும்படி இறைவன் பெரியவன் என்பதே அது. எனவே அந்த எண் அளந்து கண்ட முடிவன்று. அளவையே தோற்கச் செய்யும் உவமைக்கு அமைத்த படிக்கட்டு. அதனை வானியல் கணக்காகக் கொண்டால், நாளை அறிவியல் தன் கணக்கைத் திருத்தும்போது பாடலும் பிழைபட்டதாகிவிடும்.

உவமை பிறக்குமிடமும் கருதத்தக்கது. அண்டங்களின் சிறுமையைக் காட்டக் கவிஞர் வானத்தை நாடவில்லை. மனிதர் வாழும் வீட்டையே நாடுகிறார். அகவலின் இறுதிப் பகுதியில் இவ்வமைப்பு மற்றொரு வடிவில் மீள்கிறது. அங்கு உடல் குடில் எனும் பொருள்படும் சொல்லால் சுட்டப்படுகிறது. எலும்பின் துளைதோறும் அமுதம் ஏற்றப்படுகிறது. தொடக்கத்தில் வீட்டினுள் ஒளி புகுகிறது. முடிவில் உடற்குடிலினுள் அருள் புகுகிறது. அண்டங்களைத் துகளாக்கிய பெருமையே எலும்புத் துளை அளவுக்கு எளிவந்து நிற்கிறது.

ஆகவே, இப்பாடல் மனிதச் சிறுமையை மறுக்கவில்லை; அச்சிறுமைக்கு ஒரு பயன் கற்பிக்கிறது. தம்மை நாயாகத் தாழ்த்திக்கொள்ளும் அடியவரின் உடலே பெரியது வந்து தங்கும் இடமாகிறது. பேரண்டத்தின் முன் மனிதன் ஒன்றுமில்லை எனும் முடிவோடு இன்றைய அறிவியல் விளக்கங்கள் பல நின்றுவிடுகின்றன. அவ்விடத்திலிருந்து மேலே செல்வதே திருவண்டப்பகுதியின் தனித்தன்மை. அதற்கு அறிவியலின் சான்றிதழ் தேவையில்லை. இறுதி அடிவரை படிக்கும் வாசகர் இருந்தால் போதும்.