ஜிகினாவின் வம்சாவளி

பெல்லி டான்ஸ் உடையை எகிப்தில் 'பத்லா' என்பார்கள். ஆண்கள் போடும் கோட்டு சூட்டுக்கும் அதே சொல்தான். மேலே மணி வைத்த கச்சு, இடுப்பில் மணிச்சரங்கள் தொங்கும் பட்டை, கீழே நீளப் பாவாடை. கெய்ரோவில் அளவு கொடுத்துத் தைத்து வாங்கினால் பல நூறு டாலர் ஆகும். அதனால் அமெரிக்காவில் இந்த நடனத்தைக் கற்றுக்கொள்கிற பலர் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். குட்வில், சால்வேஷன் ஆர்மி மாதிரியான பழைய துணிக்கடைகளுக்குப் போய், யாரோ ஒரு கல்யாணத்துக்கோ பார்ட்டிக்கோ போட்டுக் கழித்த மணி வேலைப்பாட்டுக் கவுனைச் சில டாலருக்கு வாங்கி, பிரித்து, தாங்களே தைத்துக்கொள்வது.

இப்படிச் செய்த உடை ஒன்றை என் சக பணியாளர் ஒருவர் பல வாரங்கள் எடுத்துத் தைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இதை ஒரு கைவேலைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துபோக முடியவில்லை. எந்தக் கலைப்பொருளிடமும் நாம் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்கலாம். இது அசலா, நகலா? இதன் ஆசிரியர் யார்?

முதலில் அசல் பற்றிய கேள்வி. பழைய கவுனை வெட்டித் தைத்தது 'உண்மையான' பத்லா ஆகுமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சரி, அந்த உண்மையான பத்லா எங்கிருந்து வந்தது? எகிப்தின் பழைய ஆடற்பெண்களான அவாலிமும் கவாஸியும் வயிற்றைத் திறந்து போட்டு ஆடியவர்கள் அல்ல. நீள அங்கி, மேலே இறுக்கமான சட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. அவ்வளவுதான். மணி வைத்த கச்சு முதலில் ஜொலித்தது ஐரோப்பிய மேடைகளில். 1906இல் வியன்னாவில் 'சலோமியின் தரிசனம்' ஆடிய மாட் ஆலன், 1910இல் பாரிஸில் 'ஷெஹரஸாத்' பாலேவுக்கு உடை வரைந்த லியோன் பாக்ஸ்ட், அப்புறம் ஹாலிவுட்டின் மௌனப் படங்கள். கிழக்கைப் பற்றி மேற்கு கண்ட கனவு அது. 1926இல் கெய்ரோவில் இசையரங்கு தொடங்கிய பதியா மஸப்னி போன்றவர்கள் அந்தக் கனவைத் தங்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அவரிடம் ஆடிய தஹியா கரியோகாவும் சாமியா கமாலும் எகிப்தியத் திரைப்படங்களில் அதையே அணிந்தார்கள். ஐரோப்பா கற்பனை செய்ததை எகிப்து உடுத்திக்கொண்டது, பிறகு உலகம் அதை எகிப்து என்று நம்பியது. சாமியா கமால் 1954இல் பிரெஞ்சு 'அலிபாபா'வில் ஆடினார். இரண்டே ஆண்டு கழித்து சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் வண்ணத்தில் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் பாக்தாத்தும் பாக்தாத்திலிருந்து வந்ததல்ல.

ஆகவே அசல் என்று நாம் கைகாட்டுகிற பொருளே ஒட்டுப்போட்டதுதான். இதைச் சொன்னதும் சிலர், "அப்படின்னா எதுவும் எதையும் எடுத்துக்கலாம், பிரச்சினை முடிஞ்சுது" என்று கிளம்பிவிடுவார்கள். அது அவசரம். உடை கலப்பானது என்பதால் அதற்குள் இருப்பவர்கள் எல்லாரும் சமமாகிவிடவில்லை. 1987இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ் குழுவைத் தொடங்கிய கரோலேனா நெரிச்சியோ வளர்த்த பாணிக்கு 'அமெரிக்கன் டிரைபல்' என்று பெயர் வந்தது. அதில் நம்மூர் சோளி உண்டு, கண்ணாடி பதித்த துணி உண்டு, பல நாட்டு வெள்ளி நகைகள் உண்டு. 2020இல் 'டிரைபல்' என்ற சொல் வேண்டாம் என்று பெயரை மாற்றினார்கள். நல்ல முடிவு. ஆனால் பெயரை மாற்றுவது சுலபம். சோளி எங்கிருந்து வந்தது, யார் தைத்தது என்பது பெயர்ப்பலகையில் தீர்கிற விஷயமில்லை.

எட்வர்ட் சையத் 1990இல் 'லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் தஹியா கரியோகாவுக்கு அஞ்சலி போல ஒரு கட்டுரை எழுதினார். 'ஓரியண்டலிசம்' எழுதியவர் ஒரு பெல்லி டான்ஸரைப் பற்றி எழுதினால் கனவை உடைக்கத்தான் எழுதுவார் என்று எதிர்பார்ப்போம். அவரோ பதின்ம வயதில் கெய்ரோவில் அவர் ஆடப் பார்த்த ஒரு இரவை ரசிகனாக நினைத்துப் பார்க்கிறார். அந்தக் கலையின் மையம் உடலைக் காட்டுவதில் இல்லை, அசைவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று வாதிடுகிறார். தஹியாவின் படங்களுக்கு ஒரு முழுமையான ஆவணம்கூட இல்லையே என்று வருத்தப்படுகிறார். எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. ஆனால் உடையைப் பற்றி அவர் சொல்வது கொஞ்சம்தான். ஆடுபவரைப் பார்க்கிறார், ஆட்டத்தைப் பார்க்கிறார், தையல்காரர் கண்ணில் படவில்லை. மேலைநாட்டுக் கற்பனையின் தடயத்தைத் தேடிப் பிடிப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர், அந்தத் தடயத்தின் மிக வெளிப்படையான சான்றின் எதிரே உட்கார்ந்திருந்தும் அதைத் தாண்டிப் போகிறார்.

பழைய கவுனைப் பிரிப்பவருக்கு அப்படித் தாண்டிப் போக முடியாது. வேலையே தையலைப் பார்ப்பதுதான். முதலில் உள் லைனிங்கை எடுக்க வேண்டும். மணி வேலைப்பாடு பெரும்பாலும் சங்கிலித் தையலில் இருக்கும். நூலின் கடைசி முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் ஒரு வரிசை முழுக்கச் சரசரவென்று கிண்ணத்தில் கொட்டும். அதே குணம்தான் ஆபத்தும். பூ வேலைப்பாட்டை அப்படியே வெட்டி எடுக்க நினைத்தால், சுற்றிலும் துணி விட்டு வெட்டி, ஓரத்து நூல்களை முடிச்சிட்டோ பசை தடவியோ பிடித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் ஒரு சுழற்சிக்கு மணிகள் தரையெல்லாம் சிந்தும்.

பிறகு கட்டுமானம். கெட்டியான கப் உள்ள ஒரு சாதாரண பிராவை எடுத்து, எலாஸ்டிக் பட்டைகளை வெட்டிவிட்டு இழுபடாத நாடா வைக்கிறார்கள். மணியின் எடையில் எலாஸ்டிக் தொய்ந்து குதிக்கும் என்பதால். இடுப்புப் பட்டைக்குள் பக்ரம் வைத்து விறைப்பாக்கி, ஒன்றுக்கு நான்காகக் கொக்கி போடுகிறார்கள். கடைசியில் சரங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் பட்டையில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு சரம் என்றால் 200 சரம். சரம் 15 சென்டிமீட்டர், சென்டிமீட்டருக்கு ஏழு பொடிமணி என்றால் மொத்தம் 21,000 மணி. ஒரு சரத்துக்கு நான்கு நிமிடம் வைத்தாலும் 13 மணி நேரத்துக்கு மேல். இது சரங்களுக்கு மட்டும்.

'குறைந்த செலவில்' என்ற சொல்லை இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. கவுனுக்குப் பத்து டாலர், நூலுக்கும் கொக்கிக்கும் இன்னொரு பத்து, ஆக இருபது டாலரில் உடை ரெடி என்பார்கள். அந்தக் கணக்கில் இரண்டு உழைப்புகள் வரவில்லை. ஒன்று, தைக்கிறவருடையது. அதை அவர் விரும்பித் தருகிறார், அதனால் அது 'நேரம்' என்றுகூட எழுதப்படுவதில்லை. இன்னொன்று, கவுனுக்குள் ஏற்கெனவே இருப்பது. அமெரிக்கப் பழைய துணிக்கடைகளில் கிடைக்கும் 1980களின் மணி வைத்த பட்டுக் கவுன்கள் பலவற்றின் கழுத்துப் பட்டியில் 'மேட் இன் இந்தியா' என்றிருக்கும். நான் பார்த்ததிலும் இருந்தது. அதிலிருந்த சங்கிலித் தையல் நமக்குத் தெரிந்த ஆரி வேலை. இந்தியாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போய் 'தம்பூர்' என்று பெயர் வாங்கிக்கொண்டதும் இதுதான். இன்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு வகுப்பெடுத்து, சுகர் பீட்ஸ், பைப் பீட்ஸ், சம்கி என்று பிரித்து, கல்யாண ஜாக்கெட்டுக்குப் போடுவதும் இதுதான்.

ஆரி ஜாக்கெட்டுக்குக் கூலி கேட்டால் "இவ்வளவா?" என்று பேரம் பேசுகிற வீடுகளில்தான் நாமும் வளர்ந்தோம். ஆகவே அமெரிக்க நடனக்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் நான் அவர்கள் பக்கம். கடையில் புதிதாக வாங்குகிறவர் ஒரு நாளும் பார்க்காததை இவர்கள் பார்க்கிறார்கள்: துணியின் பின்பக்கம். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது, எந்த இடத்தில் நூல் தீர்ந்து புது நூல் தொடங்கியது, எந்த இலையை ஒரு கையும் எந்த இலையை வேறொரு கையும் போட்டிருக்கிறது என்பதெல்லாம் பிரிக்கும்போது தெரிகிறது. என் சக பணியாளர் ஒரு மாலை முழுக்க ஒரு தோள்பட்டையைப் பிரித்துவிட்டுச் சொன்னார், "இதைச் செய்தவங்க என்னைவிட ரொம்ப வேகம், ஆனா எங்கயுமே அவசரப்படலை." ஒரு கைவினைஞருக்கு இதைவிட நல்ல மதிப்புரை கிடைக்குமா தெரியவில்லை. அது யாருக்கு எழுதப்பட வேண்டும் என்பதுதான் தெரியாமல் போய்விட்டது.

மென்பொருள் எழுதும் எங்கள் தொழிலில் அடுத்தவர் எழுதியதை எடுத்துப் பயன்படுத்துவது அன்றாடம் நடப்பது, அதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் மிகத் தாராளமான உரிமங்கள்கூட ஒரு சின்ன நிபந்தனை வைக்கும்: எழுதியவரின் பெயர் வரியை அழிக்காதே. காசு வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், பெயர் மட்டும் கூடவே வரட்டும். கவுனில் அந்த வரியே இல்லை. நாட்டின் பெயர் இருக்கிறது, விற்ற நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. புது உடையில் கழுத்துப் பட்டியையும் வெட்டி எறிந்துவிடுவதால் அதுவும் போய்விடுகிறது.

எனவே இந்த உடையிடம் என் குறை அது நகல் என்பதல்ல. நகல் எடுப்பதில் அதன் தாத்தா பாட்டியைவிட இது நேர்மையானது. என் குறை, அது தன் கதையைப் பாதியில் தொடங்குகிறது என்பதுதான். 'நானே செய்தேன்' என்று சொல்லும்போது அந்த 'நானே' கொஞ்சம் அதிகம். பாதி செய்ததை வாங்கி மீதியைச் செய்தேன் என்பதே சரியான கணக்கு. அந்தப் பட்டியைத் தூக்கிப் போடாமல் புதுப் பட்டையின் உள்பக்கம், பக்ரத்துக்கு மேலே, நாலு தையல் போட்டு வைத்துவிட்டால் என்ன என்று அவரிடம் கேட்டேன். "உள்ளே யார் பார்க்கப்போறாங்க?" என்றார். அடுத்து இதைப் பிரிக்கிறவர் பார்ப்பார், என்றேன்.