திறனும் இழப்பும்: ஜப்பானியக் குதிரைப் பந்தயப் பாவனை விளையாட்டின் வழிச் சூது பற்றிய ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குதிரைப் பந்தயம் சூதா, திறன் விளையாட்டா என்னும் வினாவை இந்தியச் சட்டம் நெடுங்காலம் திறன் என்ற அளவுகோலால் தீர்த்துவந்தது. 1991இல் வெளிவந்த ‘டெர்பி ஸ்டாலியன்’ என்னும் ஜப்பானியக் காணொளி விளையாட்டை வாசிக்கும்போது அவ்வளவுகோலின் போதாமை வெளிப்படுகிறது. சூதைச் சூதாக்குவது திறனின்மை அன்று, மீளா இழப்பே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சூது, திறன், பணயம், இழப்பு, பாவனை விளையாட்டு, உழவர்கரை

முன்னுரை

உழவர்கரை 1880இல் பிரெஞ்சிந்திய நகராட்சிகளுள் ஒன்றாக அமைக்கப்பட்டது. அதனை உள்ளடக்கிய புதுச்சேரியில் 1819இலேயே பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தது. அத்தொகுப்பின் 1965ஆம் உறுப்பு, சூதாட்டக் கடனைக் கேட்டு வழக்குத் தொடுக்க இடமளிக்கவில்லை. அடுத்த உறுப்போ ஓட்டம், குதிரைப் பந்தயம், தேர்ப் பந்தயம் முதலிய உடல்திறன் சார்ந்த போட்டிகளுக்கு விலக்களித்தது. எனினும் தொகை மிகையெனத் தோன்றினால் நீதிமன்றம் வழக்கைத் தள்ளலாம் என்றது. அண்டைப் பகுதியில் ஆங்கிலேயர் இயற்றிய 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பந்தய உடன்பாடுகளைச் செல்லாதவையாக்கியபோதும், ரூ.500க்குக் குறையாத குதிரைப் பந்தயப் பரிசுக்குப் பணம் அளிப்பதை அதன் 30ஆம் பிரிவில் விலக்கிவைத்தது. இரு பேரரசுகளின் சட்டங்களும் குதிரைக்குத் தனியிடம் தந்தன.

திறனின் இடப்பெயர்ச்சி

தமிழ்நாடு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்ய முற்பட்டது. 1986இல் சென்னை ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. இவை தொடர்பான கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறனையே சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 12இல் தீர்ப்பளித்தது. பிரெஞ்சுத் தொகுப்பு பேசிய திறன் போட்டியிடுவோரின் உடல்திறன். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்போ குதிரையின் மரபையும் முந்தைய ஓட்டங்களையும் ஆராய்ந்து பணயம் வைப்பவரின் அறிவையும் திறனாக ஏற்றது. திறன் களத்திலிருந்து பார்வையாளர் மாடத்திற்கு இடம்பெயர்ந்தது.

பாவனையில் குதிரை

இவ்விடப்பெயர்ச்சியின் எல்லையை ‘டெர்பி ஸ்டாலியன்’ காட்டுகிறது. ஹிரோயுகி சொனோபே வடிவமைப்பில், ஆஸ்கி நிறுவனம் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு இதனை வெளியிட்டது. ஆடுபவர் பண்ணை உரிமையாளராகிறார். குதிரைகளை இணைசேர்க்கிறார், பயிற்சி அளிக்கிறார், பந்தயத்திற்கு அனுப்புகிறார். இங்கு உயிருள்ள குதிரை இல்லை. மரபுவழிப் பட்டியலும் எண்களும் மட்டுமே உள்ளன. ஆகவே ஆட்டம் முழுவதும் குறிகளை வாசிக்கும் செயலாகிவிடுகிறது. நீதிமன்றம் ஏற்ற வாசிப்புத் திறன் இங்கு ஏறத்தாழத் தூய வடிவில் காணக்கிடைக்கிறது.

தோல்வியும் இதில் உண்டு. கடன் மிகுந்தால் பண்ணை நொடித்து ஆட்டம் முடிகிறது. ஆயினும் ஆடுபவர் புதிய பண்ணையைத் தொடங்கலாம். இழப்பு சித்திரிக்கப்படுகிறதே தவிர, எவருடைய வீட்டிலும் நிகழ்வதில்லை.

இதனால் பாவனை தீங்கற்றது என்று முடிவுகட்டுவதும் எளிதன்று. 1990களின் தொடக்கத்தில் அதே ஃபேமிகாம் கருவி, தொலைபேசி இணைப்பின் வழியே ஜப்பான் மத்தியக் குதிரைப் பந்தயக் கழகத்தின் உண்மையான பந்தயச் சீட்டுகளை வீட்டிலிருந்து வாங்கவும் பயன்பட்டது. ஒரே கருவியில், ஒரே விரலசைவில் இருவேறு செயல்கள் நிகழ்ந்தன. வாசிப்புத் திறன் இரண்டிற்கும் பொது; வேறுபாடு இழப்பில்தான் இருந்தது.

இழப்பு என்னும் அளவுகோல்

ஜப்பானியப் பந்தயங்கள் 1860களில் பாரிசில் ஜோசப் ஒல்லேர் உருவாக்கிய ‘பாரி மியூச்சுவல்’ எனப்படும் கூட்டுப் பணய முறையைப் பின்பற்றுபவை. அனைவரின் பணயமும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கழிக்கப்பட்ட பின்னரே வென்றோருக்குப் பகிரப்படுகிறது. அதாவது, 100 யென் திரண்டால் 75 யென் அளவே திரும்புகிறது. எல்லோரும் சமமான திறனுடையோர் எனினும், கூட்டாகப் பார்த்தால் இழப்பு உறுதி. திறன் ஒருவரது நிலையை மேம்படுத்தலாம். ஆடுவோர் அனைவரின் மொத்தக் கணக்கை மாற்ற அதனால் இயலாது.

திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய ‘சூது’ ஆடுபவரின் திறனை அளப்பதில்லை. வெற்றியையே தூண்டிலாகக் கண்டு, பொருளும் மதிப்பும் அழிவதைப் பேசுகிறது. அறநூலின் அளவுகோல் இழப்பே.

அண்மைக் காலச் சட்டம் இவ்விரு அளவுகோல்களுக்கிடையே ஊசலாடியது. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று கூறி அவற்றிற்கு அத்தடை பொருந்தாது என்றது. நாடாளுமன்றம் 2025இல் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமோ, திறனா வாய்ப்பா என்று பாராமல், பணம் செலுத்திப் பணம் வெல்ல ஆடும் இணைய விளையாட்டைத் தடைசெய்கிறது. பணயமற்ற சமூக விளையாட்டைத் தனியே பிரிக்கிறது.

முடிவுரை

‘டெர்பி ஸ்டாலியன்’ திறனை வைத்துக்கொண்டு மீளா இழப்பை நீக்குகிறது. பண விளையாட்டுச் செயலிகளோ திறன் என்னும் பெயரை முன்னிறுத்தி இழப்பைத் தக்கவைக்கின்றன. திறன் அளவுகோலால் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. இழப்பு அளவுகோலால் இயலும். தொகை மிகையானால் நீதிமன்றம் தலையிடலாம் என்று உழவர்கரையில் ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டத் தொகுப்பு, குதிரைக்கு விலக்களித்தபோதும், இழப்பின் அளவை மறக்கவில்லை. விளையாட்டு ஆய்வும் சட்ட ஆய்வும் மீட்டெடுக்க வேண்டிய கூறு அதுவே.