எஞ்சிய ஒற்றைப் பறவை

பறவைகளைப் பற்றிய கதைகளிற் பெரும்பாலானவை மனிதர்களைப் பற்றிய கதைகளே. சிறகு மட்டுமே பறவையுடையது. பேச்சும் நினைப்பும் நம்முடையவை. கனடா நாட்டு எழுத்தாளர் ஃபிரெட் பாட்ஸ்வொர்த் 1955இல் வெளியிட்ட ‘லாஸ்ட் ஆஃப் தி கர்லியூஸ்’ என்னும் குறுநாவல் இவ்வழக்கினின்று விலகி நிற்கிறது. அதன் நாயகனுக்குப் பெயரில்லை, பேச்சுமில்லை. ஆர்க்டிக் நிலத்தில் இணைக்காகக் காத்திருக்கும் ஓர் எஸ்கிமோ கர்லியூ அது.

அப்பறவையின் வலசைப் பாதையை ஆசிரியர் தீட்டியுள்ள திறம் போற்றத்தக்கது. கோடை முடிந்ததும் அது கனடாவின் கீழ்க்கரையான லாப்ரடாரை நாடும். மரங்கள் குன்றி, பாசியும் புதரும் படர்ந்த அக்குளிர்க் கரையில் கிரோபெர்ரி எனும் கருங்கனி மண்டிக் கிடக்கும். அதனைத் தின்று கொழுத்த பின்னரே, அட்லாண்டிக் கடலின்மீது பறந்து தென்னமெரிக்கப் புல்வெளிகளை அடையும். ஆகவே, அக்கனிப்புதர் வெறும் பின்னணியன்று, நெடும்பயணத்தின் கட்டுச்சோறு. இதனை உணர்ந்து எழுதியமையால் நிலமும் இங்கே கதைமாந்தருள் ஒன்றாகிறது.

1833இல் லாப்ரடார் சென்ற ஓவியர் ஆடுபன், இப்பறவைகளின் பெருங்கூட்டங்களைக் கண்டு எழுதினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அவை அருகிவிட்டன. இவ்வீழ்ச்சியைக் காட்டும் பழைய பதிவுகளை ஆசிரியர் கதையின் இடையிடையே கோத்து வைக்கிறார். கண்ணீர் சிந்தாத அவ்வறிக்கைகள் கதையினும் மிகுதியாக நம்மை உலுக்குகின்றன.

குறையும் உண்டு. நெடுங்காலத் தனிமைக்குப் பின் வாய்த்த பெண்பறவை, வடக்கே திரும்பும் வழியில் ஓர் உழவனின் துப்பாக்கிக்கு இரையாகிறது. இது நெஞ்சைத் தைக்கிறது. ஆயினும் பழியை ஒரு கையின்மீது சுமத்தி, வாசகனைத் தப்பவிடுகிறது. சந்தைக்காகச் சுட்டுக் குவித்தவர் பலர் என்பது மெய்யே. ஆனால், வசந்தகாலத்தில் உணவளித்த வட அமெரிக்கப் புல்வெளி உழுநிலமானதையும், அங்குப் பெருகியிருந்த ராக்கி மலை வெட்டுக்கிளி அடியோடு அழிந்ததையும் அறிஞர்கள் காரணங்களாகச் சுட்டுகின்றனர். துப்பாக்கியோடு கலப்பைக்கும் இவ்வழிவில் பங்குண்டு. கதையோட்டத்தில் அதற்கு உரிய அழுத்தம் கிடைக்கவில்லை.

நூல் வெளிவந்த எட்டாம் ஆண்டில், 1963இல், பார்படாஸ் தீவில் ஓர் எஸ்கிமோ கர்லியூ சுடப்பட்டது. அவ்வினத்தின் இருப்புக்கு உறுதியான கடைசிச் சான்று அதுவே. இரக்கம் மட்டுமே ஓர் இனத்தைக் காத்துவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. சுட்ட கை எது என்பதோடு, இழந்த நிலம் எது என்றும் வாசகனை வினவச் செய்திருப்பின் இந்நூல் மேலும் உயர்ந்திருக்கும். எனினும், ஆண்பறவை தன்னந்தனியே பழைய இடத்துக்குத் திரும்பிக் காத்திருக்கும் அவ்விறுதிப் பக்கத்துக்காகவேனும் இதனைப் படித்தல் வேண்டும்.