ஒருவர் நினைவில் இருக்கும் சர்வர்

கோவையில் சிறு நிறுவனங்களுக்கு சர்வர் பராமரிப்பவர்கள் மத்தியில் ஒரு வாதம் செல்வாக்குப் பெற்றிருக்கிறது: கமாண்ட் லைன் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், வால்பாறை எஸ்டேட் ஆபீஸின் லினக்ஸ் சர்வரையும் காந்திபுரத்தில் உட்கார்ந்தபடியே நடத்திவிடலாம், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறத் தேவையில்லை.

இதில் உண்மை உண்டு. மழைக்காலத்தில் இணைப்பு தள்ளாடும்போதும், தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எழுத்துகள் மட்டும்தானே போய்வருகின்றன. டெபியன் லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட், ஒரு மென்பொருள் சார்ந்திருக்கும் மற்றவற்றைத் தானே கொண்டுவருகிறது. களஞ்சியத்தின் கையொப்பத்தையும் சரிபார்க்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புறக்கடை வழி ஒன்று ஒளித்துவைக்கப்பட்டது அம்பலமானபோது, டெபியனின் நிலையான வெளியீட்டை அவை எட்டியிருக்கவில்லை. அந்த நிதானத்தை மதிக்கிறேன். அப்கிரேட் பாதியில் லைன் போனால்கூட, 'டிபிகேஜி' கட்டளை ஒன்றைக் கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

என் ஆட்சேபம் ஆப்ட் மீது அல்ல. கட்டளைகளைக் கையால் தட்டியே ஒரு சர்வரை ஆண்டுக்கணக்கில் நடத்தும் வழக்கத்தின் மீதுதான். அந்த சர்வர் ஏன் இப்படி இருக்கிறது என்பது ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கிறது. அவர் வேலை மாறினால் அதுவும் கூடவே போய்விடும்.

"எல்லாம் லாகில் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகில் எந்தக் கட்டளை, எந்த நேரம், எந்தப் பயனர் என்பதுவரை பதிவாகும். ஆனால் டெபியனின் இயல்பான அமைப்பில் அந்த லாக் மாதாமாதம் சுழன்று, 12 பழைய பிரதிகளோடு நின்றுவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒரு பேக்கேஜைப் பழைய பதிப்பிலேயே 'ஹோல்ட்' போட்டு நிறுத்தியிருந்தால், நிறுத்தியது தெரியும், காரணம் தெரியாது. பைத்தானின் பிப் வழியாக இறக்கியதும், இணையத்திலிருந்து நேராக பாஷுக்குள் ஊற்றிய ஸ்கிரிப்டும் அந்த லாகுக்குள் வருவதே இல்லை.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. அப்கிரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது டிபிகேஜி நடுவில் நின்று கேட்கும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜோடு வந்த புதியதை வைக்கவா, உங்களுடையதையே விடவா? ஒய் அல்லது என். என் கொடுத்தால் புதிய கோப்பு 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு ஓரமாகக் கிடக்கும். ஒய் கொடுத்தால் பழையது 'டிபிகேஜி-ஓல்ட்' ஆகிவிடும். இரவு பதினொன்றரை மணிக்கு, லைன் எப்போது போகுமோ என்ற பதற்றத்தில், ஒற்றை எழுத்தில் எடுக்கிற முடிவு அது. பல சர்வர்களில் இந்த வால் முளைத்த கோப்புகள் அடுக்கடுக்காகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எதை நீக்கலாம் என்று சொல்ல ஆளில்லை. அதனால் யாரும் தொடுவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் தள்ளிப்போகின்றன. இதைத் திறமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாற்று வழி புதிதும் அல்ல, விலை உயர்ந்ததும் அல்ல. சர்வர் அமைப்பைக் கோப்பில் எழுதிவைத்து இயக்கும் ஆன்சிபிள் என்ற கருவி 2012-லிருந்தே இருக்கிறது. எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று ஒரு கோப்பில் எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி காரணம் சேர்த்தால் போதும். ஒரே ஒரு சர்வருக்கு இது அதிகம் என்பார்கள். ஒரே சர்வர் உள்ள இடத்தில்தான் இது மிக அவசியம். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது மெஷின் இல்லை.

வால்பாறையில் சர்வர் வைத்திருப்பவர்கள் தங்கள் பராமரிப்பாளரிடம் கேளுங்கள்: இந்த மெஷின் நாளை இடியில் எரிந்துபோனால், நீங்கள் இல்லாமல் வேறொருவர் இதைத் திரும்ப எழுப்ப முடியுமா? முடியும் என்றால், அந்தக் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள்.