கேட்டு வாங்க வேண்டிய கிதாபு

பிறந்ததினம் கொண்டாடலாமா, கூடாதா என்பது எமது ஊர்களில் ஓயாத விவாதம். இக்கட்டுரை அதற்குள் நுழையவில்லை. பிறந்ததினப் பரிசாகப் புத்தகம் கேட்கும் பிள்ளைகள் எம்மிடையே உருவாகியிருக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை. "சேர், அகீதா கிதாபு ஒண்டு வாங்கித் தாறண்டு மாமா சொல்றார். எதக் கேக்கிற?" என்று உயர்தரம் எழுதிய மாணவி ஒருத்தி என்னிடம் வினவினாள். இலகுவாக விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியல்ல அது. நாவலொன்று பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம். அகீதா நூலோ பக்கத்து வீட்டாரை எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதையும் சேர்த்தே கற்றுத் தருகிறது. அந்த நோக்கில் மூன்று நூல்களை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, மதரஸாக்களில் நீண்டகாலமாக ஓதப்பட்டுவரும் இமாம் உமர் நஸஃபியின் (மறைவு 1142) 'அகாயித்'. சில பக்கங்களே கொண்ட இந்நூலின் தொடக்கம் வியப்புக்குரியது. பொருட்களின் உண்மைநிலை மெய்யானது, அதனை அறிவதும் சாத்தியமானது என்ற இடத்திலிருந்தே அது ஆரம்பிக்கிறது. ஆரோக்கியமான புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு என அறிவின் வாயில்கள் மூன்று என்கிறது. நம்பிக்கையைப் பேசுமுன் அறிவைப் பேசும் இவ்வொழுங்கு எமது இன்றைய துண்டுப்பிரசுரங்களில் இல்லை. எனினும் இது மனனம் செய்வதற்கான மூலபாடம். தஃப்தாஸானியின் விரிவுரையும் விளக்கிச் சொல்ல ஓர் உஸ்தாதும் இல்லாவிட்டால் முடிவுகள் மட்டுமே கைக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்'. நம்பிக்கையையும் ஷாபிஈ மத்ஹபின் சட்டங்களையும் அறபுத்தமிழில் ஒருங்கே தந்த நூல் இது. எமது மூதாட்டிகள் மார்க்கம் கற்ற எழுத்து அறபுத்தமிழ்தான். 1963இல் கொழும்பில் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தமிழில் எழுந்த ஒரு நூலை, அவ்வெழுத்தை இழந்துவிட்ட பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேடவேண்டிய நிலை எம் பண்பாட்டு வரலாற்றின் ஒரு சோகம். இந்நூல் வீட்டில் இருக்கவேண்டும். ஆனால் இது நடைமுறைக்கு வழிகாட்டும் நூல். கருத்து வேறுபாட்டை எதிர்கொள்ளும் முறையை இதில் தேட முடியாது.

மூன்றாவது, இமாம் கஸ்ஸாலி (றஹ்) அவர்களின் 'ஃபைஸலுத் தஃப்ரிகா'. 'இஹ்யா'வின் புகழில் மறைந்துபோன சிறுநூல். தனது நூல்களில் அஷ்அரிக் கொள்கைக்கு முரணானவை உண்டு, அதிலிருந்து மயிரிழை விலகினாலும் குஃப்ர் என்று சிலர் பேசியதனால் மனம் வருந்திய நண்பருக்கு எழுதும் பாங்கில் அமைந்தது. இமாமவர்களின் எதிர்க்கேள்வி கூர்மையானது. அல்லாஹ்வின் 'பகா' என்னும் பண்பு பற்றி அஷ்அரியோடு பாகில்லானி முரண்பட்டாரே, அவர் என்ன காஃபிரா? சத்தியம் ஒருவருக்கு மட்டும் எப்போது உரித்தாக்கப்பட்டது?

இதன்பின் அவர் அளவுகோலொன்றைத் தருகிறார். நபியவர்கள் அறிவித்த ஒன்று 'உண்டு' என்பதை ஐந்து படிகளில் விளங்கலாம்: உள்ளபடியான இருப்பு, புலனுக்குத் தோன்றும் இருப்பு, கற்பனையில் உருக்கொள்ளும் இருப்பு, அறிவால் கொள்ளும் இருப்பு, ஒப்புமையான இருப்பு. மறுமையில் மரணம் ஓர் ஆட்டுக்கடாவின் வடிவில் கொண்டுவரப்பட்டு அறுக்கப்படும் என்ற ஹதீஸை எடுத்துக்கொள்வோம். மரணம் ஆடாக மாறாது. ஆனால் காண்போரின் புலனுக்கு அவ்வாறு தோன்றும். இந்த ஐந்தில் ஏதேனும் ஒரு படியில் நபிமொழியை ஏற்பவர் அதனைப் பொய்ப்பிக்கவில்லை. பொய்ப்பிக்காதவரைக் காஃபிர் என்பது தகாது. தஃவீலை வெகுவாகத் தவிர்த்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் சில ஹதீஸ்களில் அதனை நாடவேண்டியிருந்தது என்றும் காட்டுகிறார். கலாம் வாதங்கள் தெரியாத பாமரரின் ஈமானைச் செல்லாததாக்குவோர் அல்லாஹ்வின் விசாலமான ரஹ்மத்தையே குறுக்குகின்றனர் என்பது அவரது கண்டனம்.

இந்நூலுக்கும் எல்லையுண்டு. உடலோடு எழுப்பப்படுவதை மறுத்த தத்துவவாதிகள் மீது 'தஹாஃபுத்'தில் விதித்த குஃப்ர் தீர்ப்பை இமாமவர்கள் இங்கும் தளர்த்தவில்லை. இதை "எல்லோரும் சரி" என்று கூறும் நூலாக வாசிப்பது பிழை. தீர்ப்பு என்று ஒன்று உண்டு; அதை வழங்குவதற்குமுன் கடக்கவேண்டிய படிகளும் உண்டு என்பதே இதன் வாதம். அந்தப் படிகளைத்தான் நாம் தாண்டிக் குதித்தோம்.

காத்தான்குடியின் அனுபவம் போதும். சூபி மௌலவி ஒருவருக்கும் அவரது கருத்தை ஏற்றோருக்கும் எதிராக 1979இல் மதம் மாறியோர் என்ற ஃபத்வா வந்தது. 2004இலும் 2006இலும் சூபிக் குழுவினரின் வீடுகளும் கட்டிடங்களும் தாக்கப்பட்டன. 2017 மார்ச்சில் அதே ஊரில் சூபிகளோடு மோதிய குழுவின் தலைவனே 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களை வழிநடத்தினான். முதலாவது நிகழ்வே கடைசியைப் பிறப்பித்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மற்றவரின் சொல்லை முழுதாக விளங்குமுன் 'காஃபிர்' என்னும் சொல்லை உச்சரிக்கும் பழக்கம் இந்நாற்பது ஆண்டுகளிலும் எம்மிடையே இருந்தது. 2019க்குப் பின்னர், சோதனைக்குப் பயந்து வீடுகளில் கிதாபுகளை மறைத்தார்கள், எரித்தார்கள். 2021இல் இஸ்லாமிய நூல்களை இறக்குமதி செய்யப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமென்றானது. நல்ல கிதாபும் கெட்ட கிதாபும் ஒரே அலுமாரியிலிருந்து இறக்கப்பட்டன.

ஆகவே, ஒரேயொரு நூலைத்தான் கேட்கலாம் என்றால் 'ஃபைஸலுத் தஃப்ரிகா'வைக் கேட்கவேண்டும் என்பது என் முடிவு. ஆங்கிலம் வாசிப்போருக்கு 2002இல் வெளியான ஷெர்மன் ஜாக்சனின் மொழிபெயர்ப்பு உண்டு. அறபு தெரிந்த மௌலவி ஒருவரோடு இருந்து ஓதுவது அதனிலும் நன்று. பிள்ளை தேர்ந்த மௌலவி உடன்பாடற்ற இயக்கத்தைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நன்று. நூல் சொல்வதை அங்கேயே பயின்று பார்க்கலாம்.