கூட்டுத் துயரும் உளப்பகுப்பாய்வும்: சுதீர் காக்கரின் நூலை முன்வைத்து

பாலாறும் செய்யாறும் வேகவதியும் சங்கமிக்கும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 'வீரசோழன்' என்னும் பெயர் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. படுக்கைகள் 15, வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் என எல்லாம் கணக்காக வெட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர், 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை யாத்தார். உடலுக்கு ஒரு பாகமும் உள்ளத்திற்கு ஒரு பாகமுமாக வகுத்த அவர், சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் நோய்களாகவே கொண்டு அவற்றுக்குரிய சிகிச்சையையும் எழுதினார். கல்வெட்டும் நூலும் தனியொரு நோயாளியைக் கருதியே பேசுகின்றன. ஓர் ஊர் முழுவதும் ஒரே இரவில் நோயுற்றால் எந்த வைத்தியரை அழைப்பது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை நம் நாட்டில் நேர்முகமாக எதிர்கொண்ட உளப்பகுப்பாய்வாளர் சுதீர் காக்கர். 1938இல் பிறந்து 2024இல் மறைந்த அவர், 1990 டிசம்பரில் ஹைதராபாத்தில் நிகழ்ந்த கலவரத்தை ஆராய்ந்து, 1996இல் 'தி கலர்ஸ் ஆஃப் வயலன்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். கார்வான் பகுதியின் முஸ்லிம்களிடமும் பார்திவாடாவின் இந்துக்களிடமும் அவர் சென்று அமர்ந்தார். வன்முறையில் முன்னின்ற பயில்வான்களையும் கேட்டார், வீட்டுக்குள் ஒடுங்கியிருந்த பெண்களையும் கேட்டார். பிரிவினைக் காலத்தில் தம் சொந்தக் குடும்பத்தில் கேட்ட கதைகளையும் மறைக்காமல் எழுதினார். ஆய்வாளன் தன்னையும் ஆய்வுக்குட்படுத்தும் இந்த நேர்மை, கலவர அறிக்கைகளை மட்டுமே வாசித்துப் பழகிய நமக்குப் புதிது. அறிக்கைகள் பிணங்களை எண்ணும். எஞ்சியவர்கள் இரவில் எதைக் கேட்டு விழிக்கிறார்கள் என்று எழுதா.

எனினும் இந்நூல்மீது எனக்கு இரு குறைகள் உண்டு. முஸ்லிம்களின் கூட்டு மனத்தை அறிய அவர் மார்க்கப் பேச்சாளர்களின் ஒலிநாடாக்களை வெகுவாக நம்புகிறார். மேடையின் உரத்த குரலைச் சமுதாயத்தின் உள்ளக்குரலாக எடுத்துக்கொள்வது, முயீனுக்கும் ராவிக்கும் வேறுபாடறியாமல் ஹதீஸ் ஓதுவது போன்றது. ஜனாஸா வீட்டின் முற்றத்திலும் இத்தா இருக்கும் பெண்ணின் அறையிலும் அச்சமுதாயம் எதைப் பேசுகிறது என்பது ஒலிநாடாவில் இராது.

மற்றது, 'அந்தலுஸ் நோய்க்குறி' என்று அக்பர் அஹ்மத் வழங்கிய சொல்லை அவர் கையாளும் விதம். இழந்த ஆட்சியை எண்ணி ஏங்கும் மனநிலையை அச்சொல் குறிக்கிறது. நிஜாமின் நகரில் பழைய பிரபுக் குடும்பங்களுக்கு அது பொருந்தலாம். தமிழக முஸ்லிம்களாகிய நமக்கு அது எவ்வாறு பொருந்தும்? நம் முன்னோர் பெரும்பாலும் கடல் வணிகர், நெசவாளர், உழவர். இழப்பதற்கு அவர்களிடம் அரியணை இல்லை. இருந்தும் நம் மிம்பர்களில் 1258இன் பக்தாதும் 1492இன் கர்னாத்தாவும் ஓயாமல் ஒலிக்கின்றன. இவை கடன் வாங்கிய துக்கங்கள் என்பேன். சொந்தத் துக்கத்தைப் பேச அஞ்சுகிறவர்களே தூரத்துத் துக்கத்தை உரக்கப் பேசுகிறார்கள்.

இங்கே இன்னோர் அறிஞரை அழைக்க வேண்டும். சைப்ரஸில் பிறந்த துருக்கியரான வாமிக் வோல்கன், துக்கம் முழுமையாக அனுசரிக்கப்படாதபோது அது அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கப்படுகிறது என்றார். அவ்வாறு ஒரு கூட்டம் தன் அடையாளமாகவே ஏந்திக்கொள்ளும் பழைய காயத்தை 'தேர்ந்துகொண்ட மனவடு' என அழைத்தார். (காயம்பட்டவர்கள் காயத்தைத் தேர்ந்தார்கள் என்று யாரும் பிழையாக விளங்கலாகாது, அதை நினைவில் வைக்கும் முறையே தேர்வுக்குரியது.) அவர் காட்டும் சான்று கொசோவோ. 1389இல் வீழ்ந்த செர்பிய இளவரசர் லாஸரின் எச்சங்கள், 600ஆம் ஆண்டு நினைவையொட்டி ஊர் ஊராக எடுத்துச் செல்லப்பட்டன. அறுநூறு ஆண்டுப் பழமை நேற்றைய மரணமாக உணரப்பட்டது. அதன் விலையை 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரம் அளவிலான போஸ்னிய முஸ்லிம்கள் செலுத்தினர்.

போஸ்னியாவைப் பற்றி நாம் எளிதாகப் பேசிவிடுவோம். கோவையைப் பற்றி? 1997 நவம்பர் 29இல் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து மூண்ட கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டரை மாதம் கழித்து, 1998 பிப்ரவரி 14இல், தொடர் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போயின. இரண்டாவதை முதலாவதைக் கொண்டு நியாயப்படுத்துவோர் அல்லாஹ்வுக்கு அஞ்சட்டும். உளப்பகுப்பாய்வு கேட்கும் கேள்வி வேறு: அந்த இரண்டரை மாதத்தில் அந்த வீடுகளுக்குச் சென்று, எதையும் தூண்டாமல், எதையும் போதிக்காமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர் எத்தனை பேர்? பிப்ரவரிக்குப் பின் இரு தரப்பு வீடுகளுக்கும் சென்றவர் எத்தனை பேர்?

இக்கேள்வியை நான் பிறரிடம் கேட்கத் தகுதியற்றவன். அவ்வாண்டுகளில் கோவையிலிருந்து வந்து என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன், யூஸுஃப் அத்தியாயப் பாடத்தின்போது எழுந்து வெளியே போய்விட்டான். யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரால் வெளுத்த இடத்தை அப்போது விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அவனை அழைத்து, "ஸப்ர் செய், தம்பி" என்றேன். "சரிங்க ஹஜ்ரத்" என்றான். அத்துடன் அந்த உரையாடலை முடித்தவன் நானே. அதே அத்தியாயத்தில் 'அழகிய பொறுமை' என்னும் சொல்லை மொழிந்தவர் அந்த யஃகூப் நபியே என்பதும், பல்லாண்டுகள் அழுதவரும் அவரே என்பதும், இன்னுமா அழுகிறீர் என்று பிள்ளைகள் கடிந்தபோதும் தம் துயரை இறைவனிடம் சொல்வதை அவர் நிறுத்தவில்லை என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஸப்ரை வாயடைக்கும் சொல்லாக நாம் ஆக்கிவிட்டோம். 1917இல் ஃப்ராய்ட் எழுதிய கட்டுரையில், துக்கம் தன் வேலையைச் செய்து முடிக்க விடப்படாவிட்டால் அது தன்னையே தின்னும் சோர்வாக மாறக்கூடும் என்னும் கருத்து உண்டு. மார்க்கத்தைப் பற்றி அவர் சொன்ன பலவற்றை நான் ஏற்பதில்லை. இதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை.

இலங்கை முஸ்லிம்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். புத்தளத்தின் கூடாரங்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். அரசியலுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். மனத்திற்கு அது தொடக்கம் மட்டுமே. இழப்பை இழப்பென்று அண்டை வீட்டார் ஒப்புக்கொள்ளாதவரை துக்கம் தொடங்குவதற்கே இடமில்லை.

அந்த அண்டை வீட்டாரும் காயம்பட்டவர்களே என்பதுதான் இதன் கொடுமை. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் 'ஸ்கார்டு மைண்ட்ஸ்' என்றும் 2014இல் 'ஸ்கார்டு கம்யூனிட்டீஸ்' என்றும் எழுதிய நூல்களின் தலைப்புகளே ஒரு பயணத்தைச் சொல்கின்றன. மனங்களில் தொடங்கியவர் சமூகங்களுக்கு வந்து சேர்ந்தார். நம்மைப் போன்ற சமூகங்களில் தனிமனிதனைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்து வைத்துக் குணப்படுத்த இயலாது என்பது அவர் போர்க்களத்தில் கற்றது. உளப்பகுப்பாய்வாளர் தம் சாய்வுக் கட்டிலை விட்டு எழுந்து வரவேண்டிய இடம் இது.

அவர் வரும்போது, நம்மிடம் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லையா? ஃபிக்ஹில் 'மஃப்கூத்' என்றொரு பாடம் உண்டு. இருக்கிறானா இறந்தானா என்று தெரியாமல் காணாமற்போனவனைப் பற்றியது. நாங்கள் ஓதிக்கொடுக்கும் ஹனஃபீ நூல்களில், அவன் வயதொத்தவர்கள் எல்லாரும் மறையும்வரை அவன் உயிருள்ளவனாகவே கொள்ளப்படுவான். மாலிகீ மத்ஹபிலோ நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள். 1930களில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ 'அல்ஹீலத்துன் நாஜிஸா'வில் மாலிகீ கருத்தின் பக்கம் திரும்பினார். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டமும் நான்கு ஆண்டு என்றே வைத்தது. மறுமணத்துக்கான வழி என்றே இதை நாம் கற்பிக்கிறோம். அந்த இத்தாவைக் கவனியுங்கள். மய்யித்து இல்லை, கப்ரு இல்லை. எனினும் ஒரு பெண் உட்கார்ந்து துக்கம் அனுசரிக்கச் சட்டம் காலம் ஒதுக்குகிறது. கணவரும் மகன்களும் காணாமலாக்கப்பட்டு, படங்களை ஏந்தித் தெருவில் அமர்ந்திருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்களுக்கு எந்தச் சட்டமும் கொடுக்காதது அது. பிரேதமில்லாத மரணம் எவ்வளவு ஆழமாக மனத்தை முடக்குகிறது என்பதை இன்றைய உளவியல் தனித் துறையாகவே ஆராய்கிறது.

மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பாத்திஹாக்கள் பற்றிய சர்ச்சையை இங்கே கிளற எனக்கு விருப்பமில்லை. அவற்றைக் கைவிட்ட ஊர்களில், நாற்பதாம் நாளன்று அந்த வீட்டுக்கு இப்போது யார் போகிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன். ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் வீட்டாருக்கு உணவு சமைத்தனுப்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) ஏவினார்கள். இதில் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

மஃப்கூத் பாடத்தை நாங்கள் வழக்கமாக ஒரே நாளில் கடந்துவிடுவோம். இவ்வாண்டு மூன்று நாள் எடுத்தேன். இரண்டாம் நாள், தன் பாட்டனார் பர்மாவிலிருந்து திரும்பவே இல்லை என்று ஒரு மாணவன் சொன்னான். அன்று நான் எதுவும் விளக்கவில்லை. அவன் சொல்லி முடிக்க மணியடித்த பின்னும் சற்று நேரம் ஆயிற்று.